வெயிலும் ஓட்டமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூருக்கு வடக்கே, கடலையொட்டிப் பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது இதுவே. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. ஞாயிறு எழுமுன்னரே படகைத் தள்ளிக் கடலுக்குச் செல்வதும், வெயில் ஏறுமுன் கரை சேர்வதும் இவ்வூர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம்.

இத்தகைய ஊர்களின் இளைஞர் பலர் மணலிலும் சாலையிலும் ஓடிப் பழகுகின்றனர். பள்ளி விளையாட்டு விழாவிற்காக ஓடுவோர் உளர். காவலர் தேர்விற்காக ஓடுவோரும் உளர். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் ஓடிக் கடத்தல் வேண்டும். மார்கழிக் குளிரில் அவ்வளவு தொலைவை எளிதாக ஓடிய இளைஞனே சித்திரையில் ஓடும்பொழுது பாதி வழியிலேயே தளர்கின்றான். கால்கள் இரும்புக் குண்டு கட்டியவைபோல் கனக்கின்றன. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கின்றது. ஓடும் வழியும் வேறன்று; ஓடுபவனும் வேறல்லன். ஆயினும் ஓட்டம் வேறாகிவிடுகின்றது. தன் வலிமை குன்றிவிட்டதோ என்று அவன் ஐயுறுகின்றான். உடன் ஓடுவோர் அவனைச் சோம்பேறி என்று எள்ளுவதும் உண்டு. உண்மை அதுவன்று. அவனுடைய உடல் அப்பொழுது குளிர்காலத்தில் செய்ததைவிட மிகுதியாகவே வேலை செய்கின்றது. அவ்வேலை யாது என்பதை அறிந்து நடப்பவனுக்குக் கோடை ஓட்டத்தால் தீங்கு நேர்வது அரிது. அறியாமல் தன்னை வருத்திக்கொள்பவன் உயிரையே இழக்கவும் கூடும்.

மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெளியே குளிர் மிக்கிருந்தாலும் வெப்பம் மிக்கிருந்தாலும் உடல் இந்நிலையைக் காக்கவே முயல்கின்றது. ஓடும்பொழுது இம்முயற்சி கடினமாகின்றது. ஏனெனில் தசைகள், உணவிலிருந்து பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் இயக்கமாக மாற்றுகின்றன. எஞ்சியது முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அடுப்பில் எரியும் விறகின் வெம்மை முழுவதும் பானையைச் சேராமல் பெரும்பகுதி அடுப்பங்கரையைச் சூடாக்குவது போன்றது இது.

ஒரு கணக்கினால் இதனைத் தெளியலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவன் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 500 கிலோ கலோரி ஆற்றல் செலவாகும். அதில் 400 கிலோ கலோரி வெப்பமாக மாறும். அவனுடைய உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு 42 கிலோ கலோரியே போதும். எனவே, உண்டான வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்குமாயின், ஓட்டம் முடிவதற்குள் உடலின் வெப்பநிலை 9 டிகிரிக்கு மேல் உயர்ந்து 46 டிகிரியைத் தாண்டிவிடும். அந்நிலையில் எவரும் உயிர்வாழ இயலாது. ஆகவே, ஓடுபவனின் உடல் ஒருபுறம் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே மறுபுறம் அதனை வெளியேற்றிக்கொண்டும் இருத்தல் வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றும் வழிகள் இரண்டு. தோலைவிடக் காற்று குளிர்ந்திருந்தால், தோலின் வெப்பம் காற்றிற்குச் சென்றுவிடும். காற்றின் வெப்பம் 35 டிகிரியை எட்டும்பொழுது இவ்வழி அடைபட்டுப் போகின்றது. அதற்கு மேல் காற்றே உடலைச் சூடாக்கத் தொடங்கும். அப்பொழுது எஞ்சி நிற்கும் வழி வியர்வை ஒன்றே. மண்பானையில் ஊற்றி வைத்த நீர் குளிர்வது எதனால்? பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசிந்த நீர், ஆவியாகும்பொழுது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதனால் அன்றோ? நம் தோலும் அத்தகைய பானையே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். ஆனால் ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும். சொட்டுச் சொட்டாக மண்ணில் வீழும் வியர்வையால் பெரும்பயன் இல்லை.

1774-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவராகிய சார்லஸ் பிளாக்டன் என்பார் செய்த சோதனை ஒன்று இங்குக் கருதத்தக்கது. அவர் நன்கு சூடாக்கப்பட்ட அறை ஒன்றினுள் நண்பர்களுடன் புகுந்தார். அவ்வறையின் வெப்பம் கொதிநீரின் வெப்பத்தையும் விஞ்சியது. அங்கு வைத்திருந்த முட்டையும் இறைச்சியும் வெந்துபோயின. ஆனால் அவ்வறையில் சில நிமிடம் நின்ற மனிதர்களோ தீங்கின்றி வெளியே வந்தனர். காற்று மிக உலர்ந்திருந்தமையால் அவர்களுடைய வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடலைக் காத்தது. அக்காற்று ஈரம் நிறைந்ததாக இருந்திருப்பின், அதனினும் மிகக் குறைந்த வெப்பத்தையும் அவர்களால் தாங்கியிருக்க இயலாது.

இவ்வுண்மை கடற்கரை வாழ்வோருக்கு மிகவும் வேண்டியது. காற்றுகளை அவை வரும் திசை நோக்கித் தென்றல், வாடை, கொண்டல், கோடை என நான்காக வகுத்தனர் பண்டைத் தமிழர். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல். கத்திரி வெயில் காயும் மே மாதத்தில், முற்பகலில் மேல்காற்று வீசும்பொழுது வெப்பம் கடுமையாக ஏறும். கடற்காற்று வரத் தாழ்க்கும் நாள்களில் வெப்பம் எல்லை கடந்துவிடும். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னை மீனம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியை எட்டியது. உலர்ந்த மேல்காற்றில் வியர்வை தோன்றியவுடனே ஆவியாகிவிடுவதால், உடல் இழக்கும் நீரின் அளவு ஓடுபவனுக்குப் புலப்படாது. பிற்பகலில் கடற்காற்று வந்ததும் வெப்பம் சற்றுத் தணியும். ஆயின் காற்றில் ஈரம் மிகும். அப்பொழுது சட்டை நனைந்து உடலோடு ஒட்டும், வியர்வை வழியும், உடலோ எளிதில் குளிராது. வெப்பமானியில் எண் குறைந்துவிட்டது என்று கருதி விரைந்து ஓடுவோர் ஏமாறும் இடம் இதுவே.

இனி, இதயம் விரைந்து துடிப்பது ஏன் என்பதைக் காண்போம். அமைதியாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, 5 லிட்டர் அளவு குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. கடுமையாக ஓடும்பொழுது இவ்வளவு 20 லிட்டர்வரை உயரும். குளிர்ந்த காலையில் அதன் பெரும்பகுதி கால் தசைகளுக்குச் சென்று, அவற்றுக்கு வேண்டிய பிராணவாயுவை ஊட்டும். வெயிலிலோ குருதிக்கு மற்றொரு கடமையும் சேர்கின்றது. உள்ளே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று தோலில் சேர்க்கும் பணியும் அதனுடையதே. ஆகவே தோலின் குருதிக்குழாய்கள் விரிகின்றன. ஒரு பங்கு குருதி அங்குத் திரும்பிவிடுகின்றது. ஏரியின் மதகு ஒன்றே. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களோ இரண்டு. இரண்டு வயல்களும் ஒரே வேளையில் நீர் கேட்டால் மதகை மேலும் திறக்க வேண்டியதுதானே?

இதயமும் அவ்வாறே செய்கின்றது. ஆனால் அதற்கு ஓர் இடையூறு உண்டு. விரிந்த தோற்குழாய்களில் குருதி தங்கிவிடுகின்றது; வியர்வையாக நீர் வெளியேறுவதால் குருதியின் அளவும் குறைகின்றது. எனவே இதயத்திற்குத் திரும்பிவரும் குருதி குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் சிறுத்துவிடுகின்றது. அக்குறையை ஈடு செய்யத் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றே வழி. அதனால்தான், ஓடும் விரைவு சிறிதும் மாறாதிருப்பினும், நேரம் செல்லச் செல்ல நாடித் துடிப்பு பத்து, பதினைந்து, இருபது என ஏறிக்கொண்டே போகின்றது. இது நோயன்று, நெருக்கடிக்கு ஏற்ப இதயம் செய்துகொள்ளும் சீரமைப்பே ஆகும். எனினும், இதயம் துடிக்கக்கூடிய விரைவிற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை நெருங்கியபின் தசைக்கும் தோலுக்கும் ஒருங்கே வேண்டிய குருதியை அதனால் தர இயலாது.

கால்கள் கனப்பதன் காரணமும் இதனால் விளங்கும். கடும் ஓட்டத்தில் தசைகளுக்குக் கிடைக்கும் குருதியும் பிராணவாயுவும் தேவைக்குக் குறைகின்றன. வெப்பம் மிகுந்த தசை, தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்தையும் விரைவில் செலவழித்துவிடுகின்றது. இவற்றோடு, உடலின் உள்வெப்பம் உயர உயர, தசைகளை இயக்குமாறு மூளை விடுக்கும் ஆணையும் தளர்கின்றது. உடல் அளவு கடந்து சூடாவதற்கு முன்னரே ஓட்டத்தைத் தணிப்பதற்கு இயற்கை வைத்த காவல் அது. மணலில் ஓடுவோர்க்கோ சுமை இன்னும் மிகுதி. கெட்டியான தரையில் ஓடுவதைக் காட்டிலும் மணலில் ஓட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் வேண்டும். வெப்பமும் அதற்கேற்பப் பெருகும்.

இக்காவலை மதியாது ஓடினால் விளைவது யாது என்பதற்கு 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் சான்றாகும். சுவீடன் குளிர்நாடே எனினும், அந்த ஜூலை 14-ஆம் நாள் நிழலிலேயே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. ஓட்டம் தொடங்கியதோ நடுப்பகலை ஒட்டிய வேளையில். ஓடத் தொடங்கிய 68 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேரே எல்லையை அடைந்தனர். போர்ச்சுகல் நாட்டு இளைஞர் பிரான்சிஸ்கோ லாசரோ, 30 கிலோமீட்டர் அளவில் மயங்கி வீழ்ந்து மறுநாள் உயிர் நீத்தார். வெயிலைத் தடுக்கக் கருதி அவர் உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டிருந்தார் என்பர். அப்பூச்சு வெயிலைத் தடுக்கவில்லை. வியர்வை ஆவியாவதையே தடுத்தது.

அதே ஓட்டத்தில் ஜப்பான் நாட்டின் சிசோ கனகுரியும் கலந்துகொண்டார். வெப்பத்தால் தளர்ந்த அவர் வழியிலிருந்த ஒரு வீட்டில் நீர் அருந்தி இளைப்பாறினார்; பின்னர் ஓட்டத்தைத் தொடராது, நடுவர்களிடமும் சொல்லாது தம் நாடு திரும்பினார். தோல்வி என்று நாணிய அவரை 1967-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டினர் மீண்டும் அழைத்தனர். தம் 75-ஆம் வயதில் ஸ்டாக்ஹோம் சென்ற அவர், அன்று விட்ட ஓட்டத்தை முடித்து வைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் 54 ஆண்டுகளும் 8 மாதங்களும் சில நாள்களும் எனக் குறிக்கப்பட்டது. உரிய வேளையில் நின்றவர் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் ஓட உயிரோடு இருந்தார்.

அறிவியல் வளர்ந்துவிட்ட இந்நாளிலும் வெப்பத்தின் வலிமை குறையவில்லை. 2019-ஆம் ஆண்டு கத்தார் நாட்டின் தோகா நகரில் உலகத் தடகளப் போட்டிகள் நடந்தபொழுது, மகளிர் மாரத்தான் ஓட்டத்தை வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் வைத்தனர். அந்நள்ளிரவிலும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தது. காற்றில் ஈரமும் மிக்கிருந்தது. ஓடத் தொடங்கிய 68 பேரும் உலகின் தலைசிறந்த வீராங்கனைகளே. ஆயினும் எல்லையை அடைந்தவர் 40 பேரே.

அங்ஙனமாயின் வெப்பநாட்டில் ஓடவே கூடாதோ எனில், அவ்வாறன்று. 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், புழுக்கம் மிக்க புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டிகளில், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. இலட்சுமணன் 5000 மீட்டர், 10000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் வென்றார். உடலுக்கு வெப்பத்தைப் பழக்க முடியும். நாள்தோறும் சிறிது சிறிதாக வெப்பத்தில் ஓடிவரின், பத்து முதல் பதினான்கு நாள்களில் உடல் அதற்குத் தக்கவாறு மாறும். முதல் சில நாள்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி பெருகும். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மிகுதியான குருதியைச் செலுத்தும். நாடித் துடிப்பு தணியும். பின்னர் வியர்வை முன்னதாகவே தோன்றும்; அளவிலும் மிகும்; அதில் கலந்து வெளியேறும் உப்பு குறையும். ஆனால் ஓட்டத்தைச் சில வாரங்கள் விட்டுவிட்டால் இப்பயன் மறைந்துவிடும். ஆகவே, நெடுநாள் ஓடாதிருந்து தேர்விற்கு முந்திய வாரத்தில் நடுவெயிலில் திடீரென்று ஓடுவது பெரும்பிழையாகும். முதல் நாள் கால் மணி நேரம் மெல்ல ஓடி, நாள்தோறும் சிறிது கூட்டிவருவதே முறை.

வெயிலில் ஓடுபவனுக்குக் கடிகாரத்தைவிட நாடியே நல்ல வழிகாட்டி. மணிக்கட்டில், பெருவிரலின் கீழ்ப்பக்கத்தில் இரு விரல்களை வைத்து 15 விநாடிகள் துடிப்பை எண்ணி, அதனை நான்கால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். குளிர்ந்த நாளில் எளிதாக ஓடி நின்றவுடன் துடிப்பு எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அது 150 எனின், கோடையிலும் துடிப்பு ஏறத்தாழ அந்த அளவைத் தாண்டாதவாறு ஓடுதல் வேண்டும். அதற்காக விரைவைக் குறைக்க நேரிடும். குறைப்பதால் பயிற்சியின் பயன் கெடாது. ஏனெனில் இதயம் அதே அளவு உழைத்திருக்கும். எண்ணிப் பார்க்க இயலாதவர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. உடன் ஓடுபவருடன் மூச்சுத் திணறாமல் ஒரு தொடர் பேச முடியுமாயின் விரைவு பொருத்தமானது. முடியாதெனின் அது மிகுதி.

வேளையைத் தேர்ந்துகொள்வதும் இன்றியமையாதது. விடியற்காலையில் கடலோரக் காற்றில் ஈரம் இருப்பினும், வெயிலும் மணற்சூடும் இராமையால் அவ்வேளையே சிறந்தது. ஆடை மெல்லியதாகவும் தளர்ந்ததாகவும் வெளிர் நிறத்ததாகவும் இருத்தல் வேண்டும். வியர்த்து எடையைக் குறைக்கலாம் என்று கருதித் தடித்த சட்டைகளை அணிந்து ஓடுவது தீது. அதனால் குறைவது நீரே அன்றிக் கொழுப்பு அன்று.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் நீர் பருகுதல் வேண்டும். நம் இல்லங்களில் வழங்கும் நீர்மோர், நீராகாரம், கூழ், இளநீர் ஆகியவை நீரோடு உப்புக்களையும் தருகின்றன. ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்த்தால் இழந்த நீரின் அளவு தெரியும். 50 கிலோ எடையுள்ளவன் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருப்பின், அவன் பருகியது போதவில்லை என்பது பொருள். அதற்காக அளவின்றி வெறும் நீரைக் குடிப்பதும் கேடே. குருதியிலுள்ள உப்பு மிகவும் நீர்த்துப்போனால் தலைவலியும் வாந்தியும் மயக்கமும் உண்டாகும்; உயிருக்கே இடர் நேரலாம். தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாகப் பருகுவதே நலம். முந்திய நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தவர் ஓட்டத்தைத் தள்ளி வைத்தல் வேண்டும்.

இடரின் அறிகுறிகளை ஒவ்வொரு மாணவரும் மனத்தில் இருத்துதல் கடமை. தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, வெயிலிலும் உடல் சிலிர்த்தல் ஆகியவை தோன்றினால் உடனே நின்று நிழலை அடைதல் வேண்டும். ஓடுபவர் தள்ளாடினாலும், பொருளின்றிப் பேசினாலும், இடம் அறியாது விழித்தாலும், மயங்கி வீழ்ந்தாலும் அது வெப்பத்தாக்கு எனக் கொள்ளுதல் வேண்டும். அந்நிலையில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என எண்ணுவது தவறு. ஓடி வீழ்ந்தவரின் உடலில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கவும் கூடும். 108 என்னும் எண்ணுக்கு அழைப்பு விடுத்துவிட்டு, ஊர்தி வரும்வரை வாளா நிற்றல் ஆகாது. அவரை நிழலில் கிடத்தி, மேலாடையைக் களைந்து, குளிர்ந்த நீரைத் தொட்டியிலோ குடங்களிலோ கொணர்ந்து உடலெங்கும் இடைவிடாது ஊற்றி விசிறுதல் வேண்டும். உடல் அமிழும் அளவு நீர் கொள்ளும் தொட்டி இருப்பின், தலையை மேலே தாங்கிப் பிடித்து உடலை அதனுள் அமிழ்த்துவது இன்னும் சிறந்தது. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது. முதல் அரை மணி நேரத்திற்குள் உடலைக் குளிர்வித்தால் உயிர் பிழைப்பது பெரும்பாலும் உறுதி. அதனால் முதலில் குளிர்வித்தல், பின்னரே கொண்டு செல்லுதல் என்பதே மருத்துவர் வகுத்த நெறி.

துடிப்பு மிகுவதும் கால் கனப்பதும் கோழைமையின் அடையாளங்கள் அல்ல. உழைக்கும் உடல் தன் நிலையை உணர்த்தும் மொழிகள் அவை. கடல் பொங்கும் நாளில் படகைக் கரையேற்றி வைக்கும் மீனவரை எவரும் அச்சமுடையவர் என்று பழிப்பதில்லை. கடலை அறிந்தவர் என்றே மதிக்கின்றனர். வெயில் கடுமையான நாளில் விரைவைக் குறைத்து ஓடுபவனும், வேண்டியபொழுது நின்றுவிடுபவனும் அவ்வாறே மதிக்கத்தக்கவர். தளரும் தோழனை எள்ளி விரட்டாது, நிழலில் அமர்த்தி நீர் தருவது உடன் ஓடுவோரின் பண்பாகும். அத்தகைய அறிவும் அன்பும் உள்ள இடத்தில், இளைஞர்கள் கோடையிலும் நலமாக ஓடிப் பயில்வர். நெடுங்காலம் ஓடியும் மகிழ்வர்.